மாமா சொன்ன ஓம்

எங்கள் சொந்தத்துக்குள் ஆங்கிலக் கடிதம் வாசிக்கிற உத்தியோகம் எனக்கு. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. 2012 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் மாமா வீட்டில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து குந்தினேன். மாமா ரிவிக்குக் கீழே இருந்த லாச்சியை இழுத்தார். லாச்சி இழுபடும் சத்தம் கேட்டாலே எனக்கு விளங்கிவிடும், கடிதம் வருகிறது என்று.

“தம்பி, இதென்னண்டு ஒருக்காப் பார். இவங்களிட்ட இருந்து நான் வெளிக்கிட்டு ஒரு மாதமாச்சு. பிறகேன் பில் அனுப்புறாங்கள்?”

பழைய கைத்தொலைபேசிக் கம்பனியின் கடைசி பில் அது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 570 டொலர் 65 சதம். மாமா பாண் பேக்கரியில் இரவு வேலை. கைக்கு வருகிற ஒரு கிழமைச் சம்பளத்தைவிட அது கூட. இரண்டாம் பக்கத்தில் கணக்கு விபரம். ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்ததற்கான கட்டணம் 380 டொலர். டேட்டாச் சேவையை முன்கூட்டியே முறித்ததற்கு 95 டொலர். முப்பது நாள் முன்னறிவித்தல் தராததற்கு ஒரு மாதக் காசு 30 டொலர். எல்லாவற்றுக்கும் மேலே 13 வீத வரி.

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மாமாவின் ஒப்பந்தம் எப்போது தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். 2009 பெப்ரவரி. மூன்று வருடம். அப்படியென்றால் 2012 பெப்ரவரியில் முடிந்துவிட்டது. மாமா மார்ச்சில்தான் மாறினார். முறிக்க அங்கே ஒப்பந்தமே இல்லை.

அந்த 2009 பெப்ரவரியைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. மாமாவின் கடைசித் தங்கச்சி, எனக்குச் சின்னம்மா, குடும்பத்தோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தார். எப்போதாவது யாரிடமோ இருக்கும் சற்றலைட் போனில் இரண்டு நிமிடம் கதைக்கக் கிடைக்கும். அந்த அழைப்பு வரும்போது மாமா வேலையில் இருப்பார், அல்லது பஸ்ஸில் இருப்பார். வீட்டுப் போனை நம்பி இருக்க முடியாது என்று ஆனபோதுதான் மோலுக்குப் போனோம். நடைபாதை நடுவில் போடப்பட்ட சின்னக் கடை. நின்றவன் தமிழ்ப் பெடியன். “அங்கிள், போன் சும்மா. மூண்டு வருசம் இருந்தாச் சரி” என்றான். மடிக்கிற போன் ஒன்று, மாதம் 200 நிமிடம். கையெழுத்து வைக்கும்போது மாமா என்னைப் பார்த்து, “வீடு கட்டுறதுக்குத்தான் கொந்தராத்து எழுதிறவங்கள், இப்ப கதைக்கிறதுக்கும் கொந்தராத்தோ?” என்று கேட்டார். போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்லை மாமா அவ்வளவு சரியான இடத்தில் வைத்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்று வருட ஒப்பந்தம் அந்தக் காலத்தில் கனடாவின் தனிச் சீர். பக்கத்திலேயே அமெரிக்காவில் இரண்டு வருடம்தான் வழக்கம். இன்னொரு புதினம், அப்போது இங்கே எங்களுக்கு வருகிற அழைப்புக்கும் நிமிடக் காசு. ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். மாமாவின் முதல் பில்லில் 6 டொலர் 95 சதம் என்று ஒரு வரி இருந்தது. ‘சிஸ்ரம் அக்சஸ் ஃபீ.’ அது அரசாங்கத்துக்குப் போகிற வரி என்று மாமா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாட்டில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. அது கம்பனியே எடுக்கிற காசு. அதைப் பற்றிப் பேச்சு அடிபட்ட பிறகு, அந்த வரி ஒவ்வொரு கம்பனி பில்லிலிருந்தும் மெல்ல மறைந்தது, அல்லது வேறு பெயர் வைத்துக்கொண்டது.

அந்த வருடம் ஏப்ரல் பில் 212 டொலர். போரை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவெனியூவில் ஆயிரக்கணக்கில் எங்கள் சனம் நின்ற நாட்கள். மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்த அன்று மாமாவும் அங்கே நின்றார், ஒரு கையில் போனைப் பிடித்தபடி. சின்னம்மா குடும்பம் ஒருவாறு வெளியே வந்து செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து வந்த முதல் அழைப்பும் அந்த மடிக்கிற போனுக்குத்தான் வந்தது. இலக்கத்தைச் சின்னம்மா ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைக்குள் வைத்திருந்தாராம். அதனால் மாமா எந்தக் கம்பனிக்கு மாறினாலும் அந்த இலக்கத்தை மட்டும் மாற்றச் சம்மதிக்கமாட்டார்.

இலக்கத்தை வைத்துக்கொண்டே கம்பனி மாறலாம் என்பது கனடாவில் 2007 மார்ச்சில் வந்தது. 2008இல் அரசாங்கம் அலைக்கற்றையை ஏலம் விட்டபோது புதியவர்களுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்ததால், 2009 கடைசியிலிருந்து ரொறன்ரோவில் ஒப்பந்தமே இல்லாத புதுக் கம்பனிகள் கடை விரித்தன. மாமா மூன்று வருடத்தையும் நாட்காட்டியில் எண்ணி, மார்ச்சில் அப்படி ஒன்றுக்குப் போனார். புதுக் கடையில் பழைய இலக்கத்தைச் சொன்னால் போதும், அவர்களே இழுத்து எடுத்துவிடுவார்கள், பழைய கணக்கு தானாக மூடப்படும். பழைய கம்பனியோடு ஒரு வார்த்தை கதைக்கத் தேவையில்லை. அதுதான் வசதி, மாமாவுக்கு அதுதான் வினையும் ஆனது. ஒரு வார்த்தை கதைத்திருந்தால், “உங்களுக்கு இன்னும் 19 மாதம் கிடக்கு ஐயா” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

திங்கட்கிழமை நான் கம்பனிக்கு அடித்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பில்லுக்கு இரண்டை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, பிறகு பாட்டு. நாற்பது நிமிடப் பாட்டுக்குப் பிறகு வந்த பெண் நல்லவர். டேட்டா 95 டொலரைப் பார்த்தவுடன் அவரே சிரித்துவிட்டார். மாமாவுக்கு டேட்டாத் திட்டமே இருந்ததில்லை. மடிக்கிற போனில் இன்ரநெற் பார்ப்பதா? கணினி பிழையாகப் போட்டிருக்கிறது என்று ஒத்துக்கொண்டு அந்த இடத்திலேயே வெட்டினார். வரியோடு 107 டொலர் 35 சதம் குறைந்தது. மிச்சம் 463 டொலர் 30 சதம்.

“மற்றது?” என்றேன்.

மற்றதை அவர் வெட்டமாட்டார். கணக்கில் குறிப்பு இருக்கிறது என்றார். 2010 ஒக்ரோபரில் வாடிக்கையாளரோடு தொலைபேசியில் கதைத்தது, வாடிக்கையாளர் புதுப் போனுக்கும் புதிய மூன்று வருட ஒப்பந்தத்துக்கும் சம்மதித்தது என்று இரண்டு வரி. ஆகவே ஒப்பந்தம் 2013 ஒக்ரோபரில்தான் முடியும். மிச்சம் 19 மாதம், மாதத்துக்கு 20 டொலர்ப்படி 380. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பின்னேரம் மாமாவைக் கேட்டேன். “2010இல உங்களுக்கு ஒரு கோல் வந்ததோ?”

மாமா யோசித்தார். மாமிக்குத்தான் ஞாபகம் வந்தது. “உவருக்கு ஒரு நாள் காலமை நித்திரையில கோல் வந்ததெல்லே. அதுக்குப் பிறகுதானே பெட்டியில புதுப் போன் வந்தது.”

“ஓமோம்,” என்றார் மாமா. “நல்ல மரியாதையாக் கதைச்ச பிள்ளை. லோயல் கஸ்ரமர் எண்டு சொன்னவள். சும்மா ஒரு போன் அனுப்பிறம் எண்டு சொன்னவள்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“என்னத்தைச் சொல்ல? ஓம் எண்டனான்.”

இரவு முழுக்கப் பாண் அடுக்கிவிட்டு வந்து காலை எட்டு மணிக்குப் படுத்த மனிதர், பதினொரு மணிக்குப் போனை எடுத்து ஓம் என்கிறார். அதுவும் ஆங்கிலத்தில் ‘யெஸ், யெஸ், ஓக்கே.’ இந்த யெஸ் யாழ்ப்பாணத்து ஓமின் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் ஓம் போடாமல் இருந்தால் ஒன்றில் கோபம், அல்லது லைன் அறுந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ஒரு ஓம் உண்டு. விளங்கவில்லை, ஆனாலும் சொல்லும் என்பதற்கும் ஓம்தான். கதையைக் கெதியாய் முடியும் என்பதற்கு இரண்டு ஓம். சம்மதத்துக்கு வைக்கிற ஓம் இவை ஒன்றுமில்லை, அதற்குச் சத்தமே வேறு. அதைச் சொல்வதற்கு முன் மாமா ஒருக்கால் மாமியின் முகத்தைப் பார்ப்பார்.

2009இல் அந்த சற்றலைட் அழைப்புகள் வரும்போது நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இங்கே சொல்வது அங்கே போய்ச்சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். இந்தப் பக்கம் மௌனமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் இருப்பவர், “அண்ணை, அண்ணை, கேக்குதோ?” என்று பதறுவார். அதனால் மாமா விடாமல் ஓம் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓம், ஓம், சொல்லு, ஓம். போனை எடுத்தால் ஓம் சொல்வது அவருக்கு அந்த மூன்று நாலு மாதத்தில் நரம்பில் ஏறியிருந்தது. மறு வருடம் ஒக்ரோபரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததும் அதுதான்.

பெட்டியில் வந்த போனை மாமா லாச்சியில் வைத்திருந்தார். இழுத்துத் திறக்கிற வகை. பெட்டிக்குள் பாவனைக் கையேடு இருந்தது, ஒரு பக்கம் ஆங்கிலம், புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பிரெஞ்சு. நான் ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினேன். மூன்று வருடம் என்ற சொல் இரண்டு மொழியிலும் இல்லை. கையெழுத்து வாங்குகிற கடதாசி இல்லை. திகதி இல்லை. மாமா அந்தப் போனை ஒரு நாள்கூடப் பாவிக்கவில்லை. பொத்தான்கள் சின்னது, பழையதே நல்லது என்று விட்டுவிட்டார். இப்போது புதுக் கம்பனியில் பாவிக்கலாம் என்றாலும் முடியாது, அந்தப் போனுக்குப் பழைய கம்பனி பூட்டுப் போட்டு வைத்திருந்தது. பூட்டுத் திறக்கத் தனிக் காசு.

ஒப்பந்தம் முறித்தால் காசு கேட்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். நானூறு டொலர்ப் போனைச் சும்மா கையில் தந்தவன், அந்தக் காசை மாதாமாதம் பில்லுக்குள் வைத்துத்தான் எடுக்கிறான். பாதியில் போனால் மீதியைக் கேட்பது வியாபாரம். ஆனால் மாமாவின் ஒப்பந்தத்தில் இருந்த கட்டணத்துக்கும் போனின் விலைக்கும் சம்பந்தம் இல்லை. மிச்ச மாதம் ஒவ்வொன்றுக்கும் 20 டொலர், ஆகக் கூடினால் 400. ஐபோன் எடுத்தவனுக்கும் அதுதான், ஒரு நாளும் பாவிக்காத மலிவு போனுக்கும் அதுதான். அது போனுக்கான கடன் இல்லை, வெளியே போகாமல் இருக்கப் போட்ட வேலி.

நான் இன்னும் மூன்று தரம் அடித்தேன். ஒவ்வொரு தரமும் வேறு ஆள், ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து கதை. ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றேன். ‘தரத்தைப் பேணுவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம்’ என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்றேன். ‘படலாம்’ என்பதைக் கவனிக்கச் சொன்னார் ஒருவர். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. அவரும் எங்களைப்போல எங்கேயோ நாட்டிலிருந்து வந்து, மணித்தியாலச் சம்பளத்துக்குக் குறிப்பை வாசிக்கிறவர்.

ஜூனில் கடன் வசூலிக்கிறவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். மாமா பயந்துவிட்டார். மகள் அப்போதுதான் வீடு வாங்க வங்கிக்கு அலைந்துகொண்டிருந்தாள், மாமாவும் சேர்ந்து கையெழுத்து வைக்கிறதாகத் திட்டம்.

“கட்டிப்போட்டு விடுவம் தம்பி. கிறெடிற் பழுதாகிப் போயிடும். நான் ஓம் எண்டு சொன்னது உண்மைதானே.”

மாமி அடுப்படியிலிருந்து வந்தார். கையில் அகப்பை. “என்னத்தைக் கட்டுறது? நித்திரையில சொன்ன ஓமுக்கு நானூறு டொலரோ? கலியாணத்துக்குக் கேட்டபோதே நீங்கள் மூண்டு நாள் கழிச்சுத்தான் ஓம் எண்டனீங்கள்.”

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே மனம் உறுத்திக்கொண்டிருந்தது. வாயால் சொன்ன சொல்லுக்கு நிற்க வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை. அவர்களிடம்தான் இந்த வியாபாரம் நன்றாகச் செல்லும்.

என்னோடு வேலை செய்த ஒரு கயானாக்காரர்தான் வழி சொன்னார். தொலைத்தொடர்புச் சேவை முறைப்பாடுகளுக்கென்று ஒட்டாவாவில் ஓர் அமைப்பு இருக்கிறது, 2007இல் தொடங்கியது, சிசிரிஎஸ் என்று சுருக்கப் பெயர். கம்பனிகளின் காசில் நடக்கிறது, முறைப்பாடு செய்பவருக்குச் செலவில்லை. முதலில் கம்பனியிடம் முறையிட்டிருக்க வேண்டும், அது சரிவராவிட்டால்தான் அங்கே போகலாம். நான் படிவத்தை நிரப்பினேன். நாலு அழைப்புகளின் திகதி, நேரம், பேசியவர் சொன்ன முதற்பெயர் எல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தது அப்போது உதவியது. இதை நான் புத்திசாலித்தனத்தில் செய்யவில்லை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்கிறவனுக்குக் கையில் பேனை இருந்தால் எதையாவது எழுதத்தான் செய்வான்.

முறைப்பாட்டில் நான் கேட்டது ஒன்றுதான். சம்மதித்தார் என்கிறீர்கள், அந்தச் சம்மதத்தைக் காட்டுங்கள். கையெழுத்து, அல்லது குரல், அல்லது பிறகு அனுப்பிய கடதாசி. மூன்றில் ஒன்று.

மூன்று கிழமைக்குள் கம்பனியின் மேலிடத்திலிருந்து ஒருவர் அடித்தார். இந்த முறை நான் காத்திருக்கவில்லை, அவர் காத்திருந்தார். ஒலிப்பதிவு இப்போது கிடைக்கவில்லை என்றார். ஒப்பந்தப் பிரதி அனுப்பியதற்கும் பதிவு இல்லை. இருந்தாலும் பிழை தங்களுடையது என்று ஏற்கவில்லை, ‘நல்லெண்ண அடிப்படையில்’ முழுத் தொகையையும் நீக்குகிறோம், கடன் வசூலிப்பவர்களிடமிருந்தும் மீட்டெடுக்கிறோம் என்றார். நான் எழுத்தில் கேட்டேன். அனுப்பினார். மாமா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக் குடியுரிமைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தார்.

இது நடந்த அதே இலையுதிர் காலத்தில், நாட்டின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்புகளை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சிஆர்ரிசி, கைத்தொலைபேசி ஒப்பந்தங்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிக்கோவை எழுதப்போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்தது. கியூபெக் 2010இலேயே தன் மாகாணத்துக்குச் சட்டம் போட்டிருந்தது, மனிற்றோபாவும் பின்னால் வந்திருந்தது. ஒன்ராரியோக்காரராகிய எங்களுக்கு அப்போது அப்படி ஒன்றும் இல்லை. நானும் நாலு பந்தி எழுதினேன். பெரும்பாலானவர்கள் மூன்று வருடத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். நான் ஓம் பற்றி எழுதினேன். இந்த நாட்டில் ஆங்கிலம் இரண்டாவது மூன்றாவது மொழியாக இருக்கிறவர்கள் போனில் யெஸ் என்று சொன்னால் அதில் பாதி ‘கேட்கிறது’ என்று அர்த்தம், அதை ஒப்பந்தமாக எழுதவேண்டாம் என்று. ஆங்கிலத்தில் அதை எழுத நான் பட்ட பாடு தனிக் கதை.

2013 பெப்ரவரியில் கற்றினோவில் விசாரணை நடந்தது. ஜூன் 3ஆம் திகதி விதிக்கோவை வெளிவந்தது, டிசம்பர் 2இலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு நடைமுறை. என் கடிதத்தை யாராவது வாசித்தார்களோ, அது குப்பைக்குப் போனதோ. ஆனால் விதிக்கோவையை வாசிக்கும்போது ஒவ்வொரு பந்தியிலும் மாமாவின் பில் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் முடிந்தால் முறிப்புக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் போனாலும், கம்பனி போனில் விட்டுக்கொடுத்த தொகையை மாதக் கணக்கில் பிரித்து, மிச்ச மாதங்களுக்கு உரியதை மட்டும் கேட்கலாம். சும்மா போன் என்றால் 480 டொலர் விட்டுக்கொடுத்தார்களென்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் 20 டொலர்ப்படி 24 மாதத்தில் கரைந்துவிடும். போனே தராத காலவரை ஒப்பந்தம் என்றால், மிச்ச மாதங்களின் காசில் பத்து வீதம் அல்லது 50 டொலர், எது குறைவோ அது. முறிக்கிறேன் என்று சொன்ன நாளே முறிந்ததாக அர்த்தம், முப்பது நாள் முன்னறிவித்தல் என்ற பேச்சு ஒழிந்தது. போனில் ஒப்பந்தம் பேசினால் 15 நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டாலோ பேசியதும் எழுதியதும் பொருந்தாவிட்டாலோ கட்டணமின்றி முறிக்கலாம். முக்கியமான நிபந்தனைகளை மாற்றுவதென்றால் வாடிக்கையாளர் விபரம் அறிந்து வெளிப்படையாகத் தந்த சம்மதம் வேண்டும். அந்த வரியை நான் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “அப்ப ஓம் எண்டாக் காணாதோ?” என்றார்.

கம்பனிகள் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருடத்தில் எடுத்த போன் காசை இரண்டு வருடத்தில் எடுக்க வேண்டியதால் மாதக் கட்டணத்தை ஏற்றினார்கள். 2019இல் ‘தவணை முறையில் போன்’ என்று புதுப் பெயரோடு 36 மாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆணையம் ஓகஸ்டில் அதை நிறுத்தச் சொன்னது. போனுக்குப் பூட்டுப் போடுவது 2017 டிசம்பர் 1ஆம் திகதியோடு போனது. மாமா அன்றைக்கு லாச்சியில் இருந்த அந்த இழுக்கிற போனை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தார். பற்றரி ஊதிப் பின்மூடி எழும்பி நின்றது.

மாமா இப்போது பேரப்பிள்ளைகளின் போன் திட்டத்துக்குள் ஒரு இலக்கமாக இருக்கிறார், அதே பழைய இலக்கம். சின்னம்மா வட்ஸ்அப்பில் கிழமைக்கு இரண்டு தரம் எடுப்பார். முகம் தெரிகிறது, ஆனாலும் மாமா ஓம் போடுவதை விடவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கனடாவில் இருந்தால், அடுத்த முறை போகும்போது அவருடைய பில்லை வாங்கி இரண்டாவது பக்கத்தைப் பாருங்கள். அவர் கேட்காத சேவை ஏதாவது ஏறியிருக்கிறதா, ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது, போனில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். அவர் நினைத்திருக்கும் திகதியும் பில்லில் இருக்கும் திகதியும் வேறாக இருந்தால், கம்பனியிடம் பிரதியைக் கேளுங்கள். தராவிட்டால் சிசிரிஎஸ்ஸுக்கு எழுதுங்கள். காசு கேட்கமாட்டார்கள்.